மொட்டைமாடியில் கெட்டில்பெல்: அடிக்கடி வரும் கேள்விகள்

"எத்தனை கிலோ வாங்கட்டும்?" கெட்டில்பெல் (கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு) பற்றி என்னிடம் பேச வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இங்கேதான் ஆரம்பிக்கிறார்கள். திருவான்மியூரில் எங்கள் அடுக்ககத்தின் மொட்டைமாடியில் காலை வேளையில் நான் பயிற்சி செய்கிறேன். நடக்க வருகிறவர்கள், துணி காயப்போட வருகிறவர்கள் என்று யார் வந்தாலும் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு ஏதாவது கேட்காமல் போவதில்லை. முறையாக ஒரு பயிற்சியாளரிடம் கற்றுக்கொண்டு சில வருடங்களாகச் செய்துவருகிறேன். சான்றிதழ் எதுவும் கிடையாது. அக்கம்பக்கத்தில் சிலருக்கு அடிப்படையைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், அவ்வளவுதான். கேள்விகள் பல விதமாக வந்தாலும் பாதிக்கு மேல் ஒரே இடத்தில் போய் நிற்பதைப் பார்க்கிறேன்: இடுப்பு செய்ய வேண்டிய வேலையைக் கை செய்துகொண்டிருக்கிறது.

எடையிலிருந்தே அது தொடங்கிவிடும். பெரிய உடல்நலப் பிரச்சினை இல்லாத பெண்களுக்கு 8 அல்லது 12 கிலோ, ஆண்களுக்கு 12 அல்லது 16 கிலோ என்பது பொதுவாகச் சொல்லப்படும் ஆரம்பம். "முதலில் 4 கிலோ வாங்கிப் பழகிவிட்டு அப்புறம் ஏற்றிக்கொள்கிறேனே" என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 4 கிலோவைக் கையாலேயே தோள் உயரத்துக்குத் தூக்கிவிடலாம். கையால் முடியும் என்றால் உடம்பு கையைத்தான் பயன்படுத்தும். எங்கள் எதிர்வீட்டு அக்கா அப்படித்தான் 4 கிலோவை வைத்துக்கொண்டு ஸ்விங் (தொடைகளுக்கு நடுவிலிருந்து நெஞ்சு உயரத்துக்கு வீசுவது) செய்து, தோள்பட்டை வலிக்கிறது என்று வந்தார். என்னுடைய 12 கிலோவைக் கொடுத்து, "இதைக் கையால் தூக்கப் பாருங்கக்கா" என்றேன். முடியவில்லை. அடுத்த தடவை இடுப்பு தானாக வேலைக்கு வந்தது. நான் பேசிப் புரியவைக்க முடியாததை அந்த எடையே புரியவைத்துவிட்டது.

ஒரு விஷயம், ஸ்விங்குக்குச் சரியான எடை தலைக்கு மேல் தள்ளும் பிரஸ்ஸுக்குக் கனமாக இருக்கும். அதனால் முதல் மாதங்களில் பிரஸ்ஸை மறந்துவிட்டு தரையிலிருந்து தூக்கி நிமிரும் டெட்லிஃப்ட், ஸ்விங், நெஞ்சோடு பிடித்து உட்கார்ந்து எழும் கோப்லெட் ஸ்குவாட் மூன்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஒரே ஒரு கெட்டில்பெல் வாங்கப் போகிறவர்களுக்கு இதுதான் சிக்கனமான வழியும்கூட.

16, 24, 32 என்று ஏன் இந்த எண்கள் என்றும் கேட்பார்கள். பழைய ரஷ்யாவில் பூட் என்று ஓர் எடை அளவு இருந்தது. இன்றைய கணக்கில் சுமார் 16.38 கிலோ. ஒரு பூட், ஒன்றரை பூட், இரண்டு பூட் என்பதுதான் 16, 24, 32 ஆனது. தானியம் நிறுக்கும் எடைக்கல்லாக இருந்ததைச் சந்தையில் பலம் காட்டத் தூக்கிப் பார்க்க ஆரம்பித்து, கடைசியில் அது விளையாட்டாகவே ஆகிவிட்டது. 1880களில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் விளாதிஸ்லாவ் கிராயெவ்ஸ்கி என்ற மருத்துவர் எடைப்பயிற்சிக் குழு ஒன்றைத் தொடங்கி இதற்கு ஓர் ஒழுங்கு கொண்டுவந்தார். இப்போதைய போட்டிகளில் பத்து நிமிடம் கீழே வைக்காமல் தூக்கிக்கொண்டே இருக்க வேண்டும். என் அப்பாவுக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. விருதுநகரில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். என் 16 கிலோவைப் பார்த்ததும், "படிக்கல்லுக்கு எதுக்கும்மா கைப்பிடி வச்சிருக்கான்?" என்றார். நான் ஸ்விங் செய்வதைப் பார்த்துவிட்டு, "எங்க கடைப் பையன் எவனாவது இப்படி ஆட்டியிருந்தா அன்னைக்கே கணக்கு முடிச்சு அனுப்பியிருப்பேன்" என்று வேறு சொன்னார்.

வாங்கும்போது நிறத்தையும் விலையையும் பார்ப்பதற்கு முன் கைப்பிடியைப் பாருங்கள். இரண்டு கையும் நெருக்காமல் உள்ளே போக வேண்டும். மலிவாகக் கிடைப்பவற்றில் பல, பிளாஸ்டிக் உறைக்குள் சிமென்ட் நிரப்பியவை. எடைக்குப் பொருந்தாத அளவில் பருத்து, தொடைகளுக்கு நடுவே இடிக்கும். முழு வார்ப்பிரும்பில் ஒரே வார்ப்பாக வந்ததே போதும். வார்ப்பிரும்பில் எடை கூடக்கூட உருவமும் பெரிதாகும். போட்டிக்கென்று எஃகில் செய்யப்படுபவை 8 கிலோவானாலும் 32 கிலோவானாலும் ஒரே அளவில் இருக்கும். நிறத்தை வைத்துத்தான் எடையைக் கண்டுபிடிக்க வேண்டும். 16 மஞ்சள், 24 பச்சை, 32 சிவப்பு. அவற்றுக்கு விலை அதிகம், வீட்டில் செய்கிறவர்களுக்குக் கட்டாயம் இல்லை.

கடையில் செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. பருத்திக் கைக்குட்டையைக் கைப்பிடியின் உட்பக்கமாக விட்டு இழுத்துப் பாருங்கள். வார்ப்பு அச்சின் இரண்டு பாதிகள் சேரும் இடத்தில் மெல்லிய கோடாக இரும்பு துருத்திக்கொண்டிருந்தால் துணியின் நூல் அங்கே மாட்டும். நூலைப் பிடிக்கிற இரும்பு நாளைக்கு உள்ளங்கைத் தோலையும் பிடிக்கும். எனக்குக் கிடைத்ததில் அப்படி ஒரு கோடு இருந்தது. அரத்தால் லேசாக ராவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததில் போய்விட்டது. அந்த இடத்தில் பெயின்ட் போனதால், எங்கள் கடற்காற்றில் வாரத்துக்கு ஒரு முறை துரு பூக்கும். காய்ந்த துணியால் அழுத்தித் துடைப்பதோடு சரி. பெயின்ட் இல்லாத இரும்பு கைக்கு இன்னும் நன்றாகப் பிடி கொடுக்கிறது என்பது என் கட்சி.

இனி முதுகு வலி. இது கேள்வியாக வராது, புகாராகத்தான் வரும்: "வீடியோ பார்த்துச் செய்தேன், மறுநாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டது." செய்து காட்டச் சொல்வேன். பெரும்பாலும் இரண்டு படங்களில் ஒன்றுதான் தெரியும். ஒன்று, முழங்காலை மடக்கி உட்கார்ந்து எழுந்து, கையால் முன்னால் தூக்குவார்கள். இல்லாவிட்டால் முதுகை வளைத்துக் குனிந்து நிமிர்வார்கள். ஸ்விங் இரண்டும் இல்லை. இடுப்பு மூட்டு மடிய வேண்டும், முதுகெலும்பு மடியக் கூடாது. சொல்ல ஒரு வரிதான், உடம்புக்கு ஏற நாளாகும்.

இதற்கு நான் கெட்டில்பெல்லை எடுப்பதே இல்லை. ஒட்டடைக் கம்பை எடுத்து வரச் சொல்வேன். கம்பை முதுகோடு நெடுக்காக வைத்து, ஒரு கையைக் கழுத்துக்குப் பின்னாலும் மற்றதை இடுப்புக்குப் பின்னாலும் கொடுத்துப் பிடிக்க வேண்டும். பின்மண்டை, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ள இடம், வால் எலும்பு மூன்றிலும் கம்பு பட வேண்டும். சுவருக்கு ஓர் அடி முன்னால் சுவருக்கு முதுகு காட்டி நின்று, முழங்காலை லேசாக மட்டும் தளர்த்தி, புட்டத்தைப் பின்னால் தள்ளிச் சுவரைத் தொட வேண்டும். தொட்டதும் கால் விரல் பக்கம் சாயாமல், பாதத்தை முழுதாக ஊன்றி நிமிர வேண்டும். கம்பு எங்கேயாவது விலகினால் அங்கே முதுகு வளைகிறது என்று அர்த்தம். சரியாக வந்தால் தொடையின் பின்பக்கம் இழுப்பது தெரியும். வந்ததும் பாதத்தை அரை அடி முன்னால் நகர்த்திவைத்து மறுபடியும் செய்ய வேண்டும். இது பிடிபடாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். சிலருக்கு ஒரே நாளில் வந்துவிடும், சிலருக்கு இரண்டு வாரம் ஆகும். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

அப்புறம் டெட்லிஃப்ட். கெட்டில்பெல்லைக் கணுக்கால்களுக்கு நடுவே வைத்து, அதே மடிப்பில் போய்ப் பிடித்து, அதே மாதிரி நிமிர்வது. என் மாமியார் இதோடு நிறுத்திக்கொண்டார். அவருக்கு இதுவே போதும். முன்பெல்லாம் 20 லிட்டர் தண்ணீர் கேனை நகர்த்த யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பார். "அத்தை, நான் வரேன் இருங்க" என்று சொல்லிக்கொண்டே போனால், அதற்குள் கேன் சமையலறைக்குள் இருக்கிறது.

இப்போது ஸ்விங். கெட்டில்பெல் காலுக்கு ஓர் அடி முன்னால் இருக்கட்டும். இடுப்பை மடித்துப் போய் இரண்டு கையாலும் பிடித்து, கைப்பிடி உங்கள் பக்கம் சாயும்படி சற்று இழுங்கள். அக்குளை இறுக்குங்கள். அங்கிருந்து தொடைகளுக்கு நடுவே பின்னால் வீசுங்கள். முழங்காலுக்குக் கீழே போகக் கூடாது. முன்கை தொடையின் மேற்பகுதியில், கவட்டுக்குப் பக்கத்தில் வந்து படும் அளவுக்கு மேலே போக வேண்டும். கீழே போனால் அந்த எடை முழுக்கக் கீழ்முதுகுக்குத்தான் பாரம். பிறகு பாதத்தால் தரையை அழுத்தி, புட்டத்தை இறுக்கி, சட்டென்று நிமிர்ந்து நில்லுங்கள். அந்த உதையில் கெட்டில்பெல் தானாக நெஞ்சு உயரம் வரை மிதந்து வரும். கை வெறும் கயிறு. எடையைக் கட்டி வைத்திருப்பது மட்டும்தான் அதன் வேலை. மேலே நிற்கும் அந்தக் கணத்தில் முழங்கால் நேராக, வயிறு இறுகி, மூச்சு 'ஸ்ஸ்' என்று வெளியே வர வேண்டும். பின்னால் சாய்ந்து வயிற்றைத் தள்ளாதீர்கள்.

இறங்கும்போதுதான் அவசரம் வரும். கெட்டில்பெல் கீழே வரத் தொடங்கியதுமே எல்லோரும் கூடவே குனிந்துவிடுகிறார்கள். காத்திருங்கள். முன்கை உங்கள் அடிவயிற்றைத் தொடப்போகிறது என்கிற நேரத்தில்தான் இடுப்பை விலக்க வேண்டும். என் பயிற்சியாளர் எனக்கு அதிகம் சொன்ன வார்த்தை, "வரட்டும், வரட்டும்." அதையே நானும் இப்போது மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மறுநாள் புட்டமும் பின்தொடையும் கடுத்தால் சரியாகச் செய்திருக்கிறீர்கள். கீழ்முதுகு வலித்தால் நிறுத்திவிட்டு ஒட்டடைக் கம்புக்குத் திரும்ப வேண்டியதுதான்.

தலைக்கு மேல் வரை வீசுவதைப் பார்த்திருப்பீர்கள். கிராஸ்ஃபிட் என்ற உடற்பயிற்சி முறையில் அது வழக்கம். அமெரிக்காவில் கெட்டில்பெல்லைப் பரவலாக்கிய பாவெல் சாட்ஸூலின் வழியில் வந்தவர்கள் நெஞ்சு உயரத்தோடு நிறுத்துகிறார்கள். நான் இரண்டாவது கட்சி. தலைக்கு மேல் கொண்டுபோக வேண்டுமானால் அதற்கென்றே, ஒரு கையால் ஒரே வீச்சில் மேலே ஏற்றும் ஸ்னாட்ச் இருக்கிறது.

உள்ளங்கை காய்ப்பதும் இதோடு சேர்ந்த விஷயம்தான். இறுக்கிப் பிடிக்கிறவர்களுக்குத்தான் கை கிழியும். கையால் தூக்குகிறவர்கள்தான் இறுக்கிப் பிடிப்பார்கள். விரல்களைக் கொக்கி மாதிரி மடக்கி, விரல்களின் அடியில் பிடித்தால் போதும். உள்ளங்கைக்கு நடுவில் வைத்துப் பிடித்தால் தோல் மடிந்து மாட்டிக்கொள்ளும். காய்ப்பு கொஞ்சம் வருவது நல்லது. அது மேடாக வளர்ந்தால்தான் ஒரு நாள் அப்படியே பிய்ந்துகொண்டு வரும். குளித்த பிறகு குதிகால் தேய்க்கும் கல்லால் லேசாகத் தேய்த்து மட்டமாக வைத்துக்கொண்டு, இரவில் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய். தடிமனான கையுறை வேண்டாம், கைப்பிடி இன்னும் பருமனாகி முன்கைதான் சீக்கிரம் களைக்கும்.

சென்னை வியர்வைக்கு ஒரு துண்டு பக்கத்தில் இருக்கட்டும். ஜிம்களில் கையில் பூசும் வெள்ளைப் பொடி மக்னீசியம் கார்பனேட். விளையாட்டுப் பொருள் கடைகளில் கட்டியாகவும் கிடைக்கும். என் மச்சினன் வெள்ளையாக இருந்தால் எல்லாம் ஒன்றுதான் என்று முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரைக் கொட்டித் தேய்த்துக்கொண்டான். டால்கம் வழுக்குவதற்கென்றே ஆனது. மூன்றாவது வீச்சில் கெட்டில்பெல் கையை விட்டுப் போய், மாடிச் சுவரோரம் இருந்த துளசித் தொட்டியை உடைத்தது. அந்தப் பக்கம் யாரும் நிற்காதது நல்ல காலம். அன்றிலிருந்து ஸ்விங் செய்கிறவருக்கு எதிரிலோ பின்னாலோ யாரையும், குறிப்பாகக் குழந்தைகளை, நான் நிற்க விடுவதில்லை.

தோளருகே கொண்டுவந்து நிறுத்தும் கிளீனும், ஸ்னாட்சும் ஆரம்பித்தால் முன்கையில் அடி விழும், நீலம் பாரிக்கும். கெட்டில்பெல் கைப்பிடியைச் சுற்றிக் குட்டிக்கரணம் அடித்து வந்து மோதுவதுதான் காரணம். அதை உடம்பிலிருந்து தூரமாக வீசவிடாமல், சட்டைக்கு ஜிப் போடுவது போல உடம்பை ஒட்டியே மேலே கொண்டுவந்து, இடுப்பு உயரம் தாண்டியதும் பிடியைத் தளர்த்திக் கையைக் கைப்பிடிக்குள் நுழைத்துவிட வேண்டும். கெட்டில்பெல் கையைச் சுற்றி வர விடாமல், கைதான் அதைச் சுற்றிப் போக வேண்டும். மணிக்கட்டு பின்னால் மடங்காமல் நேராக இருக்கட்டும். ஸ்விங் நிலைக்காமல் இவற்றில் இறங்கினால் அடி நிச்சயம்.

"கர்லாக்கட்டை நம்ம ஊரிலேயே இருக்கும்போது இது எதற்கு?" கீழ்த்தளத்தில் இருக்கும் பெரியவர் ஒருவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பார். சின்ன வயதில் தண்டால், பஸ்கி, கர்லா எல்லாம் செய்தவர். கர்லா தோளைச் சுற்றி, முதுகுக்குப் பின்னால் போய் வரும். தோள், பிடி, மேல்முதுகு அதில் விளைவது போல இதில் விளையாது. இது புட்டத்துக்கும் தொடைக்கும் மூச்சுக்கும். ஒன்றுக்கு இன்னொன்று போட்டியே இல்லை. அவருக்கு இரத்த அழுத்த மாத்திரை உண்டு என்பதால் ஸ்விங்கை நான் சொல்லிக்கொடுக்கவில்லை; டாக்டரைக் கேட்டுவிட்டு வாருங்கள் என்றேன். மூச்சை அடக்கிக்கொண்டு எடை தூக்கினால் அழுத்தம் எகிறும். குடலிறக்கம், முதுகுத் தட்டுப் பிரச்சினை, கர்ப்பம், சமீபத்தில் அறுவைச் சிகிச்சை என்று எது இருந்தாலும் மருத்துவரிடம் கேட்காமல் தொடக் கூடாது. டாக்டர் சரி என்ற பிறகு, 8 கிலோவை ஒரு கையில் தொங்கவிட்டுச் சாயாமல் மாடியை இரண்டு சுற்று நடக்கிறார் அந்தப் பெரியவர். பேசிக்கொண்டே நடப்பதால் மூச்சு தானாகவே சீராக இருக்கிறது.

தொப்பை குறையுமா? சாப்பாட்டைப் பொறுத்தது. பெண்களுக்கு உடம்பு முறுக்கேறி ஆண் மாதிரி ஆகிவிடுமா? ஆகாது.

எவ்வளவு செய்ய வேண்டும் என்றால், வாரத்துக்கு மூன்று நாள், இருபது இருபத்தைந்து நிமிடம் போதும். ஸ்விங்கைப் பத்துப் பத்தாகப் பிரித்துச் செய்யுங்கள். ஒரு பத்து முடிந்ததும், திணறாமல் ஒரு முழு வாக்கியம் பேச முடியும் வரை நடந்துகொண்டே ஓய்வு. ஐந்து சுற்றில் தொடங்கி, மெதுவாகப் பத்துச் சுற்றுக்குக் கொண்டுபோகலாம். எட்டாவது வீச்சிலேயே வேகம் குறைகிறது என்றால் எட்டோடு வைத்துவிடுங்கள். மெதுவான ஸ்விங் கையால் தூக்கும் ஸ்விங்காக மாறிவிடும், பழைய வலிகள் எல்லாம் திரும்ப வரும். கூடவே ஐந்து ஐந்தாக மூன்று தடவை கோப்லெட் ஸ்குவாட், இடுப்பை மடித்துக் குனிந்து எடையை ஒரு கையால் வயிற்றுப் பக்கம் இழுக்கும் ரோ.

டர்கிஷ் கெட்-அப் என்று ஒன்று உண்டு: மல்லாந்து படுத்து, ஒரு கையில் எடையைத் தலைக்கு மேல் நீட்டிப் பிடித்தபடியே படிப்படியாக எழுந்து நின்று, வந்த வழியே திரும்பப் படுப்பது. முதலில் மூடிய முஷ்டியின் மேல் ஒரு செருப்பை வைத்துச் செய்யுங்கள். செருப்பு விழாமல் எழுந்து படுக்க வந்தால்தான் இரும்பு. இதையும் ஸ்னாட்சையும் வீட்டுக்குள் செய்கிறவர்கள் முதலில் மேலே பாருங்கள். நம் வீடுகளில் அறைக்கு நடுவில் மின்விசிறி இருக்கிறது.

தரைக்கு ரப்பர் விரிப்பு கட்டாயம். டைல்ஸில் 16 கிலோவை மெதுவாக வைத்தாலே கீழ்வீட்டில் சத்தம் கேட்கும். விரிப்பு கெட்டில்பெல் வைக்கிற இடத்துக்கு மட்டும் போதும், நிற்கிற இடம் கெட்டித் தரையாகவே இருக்கட்டும். ஓட்டப் பயிற்சிக் காலணியின் மெத்தென்ற அடிப்பாகம் வேண்டாம், வெறுங்கால்தான் நல்லது. மொட்டைமாடி என்றால் ஏப்ரல், மே மாதங்களில் ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள்.

ஒரு செட்டை முடித்துவிட்டு இறக்கி வைப்பதில் கவனம் போதாமல் இருப்பதை நிறையப் பார்க்கிறேன். பத்து வீச்சும் அழகாகச் செய்துவிட்டு, கடைசியில் முதுகை வளைத்துக் குனிந்து தொப்பென்று வைப்பார்கள். பிடிப்பு அங்கேதான் வருகிறது. கடைசி வீச்சில் தொடைகளுக்கு நடுவே பின்னால் போய் வரட்டும், அதே மடிப்பில் இருந்தபடி முன்னால் தரையில் நிறுத்துங்கள். கைப்பிடியை விட்ட பிறகு நிமிருங்கள்.

அடுத்த எடைக்கு எப்போது போகலாம்? கெட்டில்பெல்லில் பொதுவாக 4 கிலோ தாவல். 12லிருந்து 16க்குப் போவது மூன்றில் ஒரு பங்கு கூடுதல், அதனால் அவசரப்படக் கூடாது. இருக்கிற எடையில் பத்துச் சுற்று ஸ்விங்கும் முதல் சுற்றின் வேகத்திலேயே முடிந்து, அது சில வாரம் தொடர்ந்தால், பத்தில் இரண்டு சுற்றை மட்டும் புதிய எடையில் செய்து பாருங்கள். சரியாக வந்தால் அடுத்த வாரம் மூன்று. பழையதை விற்றுவிடாதீர்கள், பிரஸ்ஸுக்கும் கெட்-அப்புக்கும் அதுதான் வேண்டியிருக்கும், வீட்டில் வேறு யாராவது ஆரம்பிக்கவும் உதவும். எங்கள் வீட்டில் 8 கிலோ அந்தப் பெரியவரிடம் இருக்கிறது, 12 கிலோவை எதிர்வீட்டு அக்கா இன்னும் திருப்பித் தரவில்லை.